முப்பத்தியோரு நோட்டும் ஒரு மலைக்கோட்டையும்

போன வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. முப்பத்தியோரு நோட்டைப் போட்டோ எடுத்து, பேரண்ட்ஸ் வாட்ஸப் குரூப்ல போடணும்.

அவ்வளவுதாங்க! இதுல என்ன கெட்டுடப் போகுதுன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

நான் ஸ்ரீரங்கத்துல ஒரு சின்ன ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் மிஸ். என் பொண்ணு யாழினியும் அதே ஸ்கூல்தான். அதே மூணாங்கிளாஸ், என் கிளாஸ். ஸ்கூல்ல அவளுக்கு நான் மிஸ், வீட்டுக்கு வந்தா அம்மா.

அவ டைரியில தினமும் 'பெற்றோர் கையொப்பம்'னு ஒரு கட்டம் இருக்கும். பக்கத்துலயே 'வகுப்பாசிரியர் கையொப்பம்'னு இன்னொரு கட்டம். ரெண்டும் நான்தான் போடணும். பெற்றோருக்கு நீல மை, டீச்சருக்கு சிவப்பு மை. ஒரே ஆளு மாதிரி தெரியக்கூடாதேன்னு நீலத்தை மட்டும் கொஞ்சம் சாய்ச்சுப் போடுவேன்.

சிரிக்காதீங்க. உங்களுக்கு ரெண்டு பதவி இருந்தா தெரியும்.

எங்க ஹெச்.எம்.மை எல்லாரும் பெரிய மிஸ்னுதான் சொல்லுவோம். அவங்ககிட்ட சில பேரண்ட்ஸ் போய், "ஸ்கூல்ல என்ன நடத்துனாங்கன்னு கேட்டா, புள்ள ஒண்ணுமே நடத்தலைன்னு சொல்லுதுங்க"ன்னு சொல்லியிருக்காங்க. பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டாங்க.

"தினமும் நாலு மணிக்குள்ள குரூப்ல போட்டுடுங்க. இன்னிக்கு என்ன கத்துக்கிட்டாங்க, என்ன ஹோம்வொர்க்கு. போட்டோவோட."

"சரிங்க மிஸ்."

நானும் ஒழுங்கா போட்டுக்கிட்டுதான் இருந்தேன். கூடவே தினம் ஒரு அட்வைஸ். எல்லாம் ஒரே அட்வைஸ்தான். 'வீட்டுப்பாடத்தைக் குழந்தையே செய்யட்டும். தயவுசெய்து பெற்றோர் செய்து தர வேண்டாம்.' இதை நான் எத்தனை தடவை போட்டேன்னா, என் போன்ல 'வீ'ன்னு ஒரு எழுத்து அடிச்சாலே மிச்சம் தானா வந்து நிக்கும்.

ரெண்டு வாரம் முன்னாடி பசங்களை நம்ம திருச்சி மலைக்கோட்டை மாதிரி ஒண்ணு செஞ்சுட்டு வரச் சொல்லியிருந்தேன். பழைய அட்டை, பேப்பர், எது வேணா வெச்சு.

கவின்னு ஒரு பையன். அவங்க அப்பாவுக்குப் பாலக்கரையில பிளைவுட் கடை. கவின் கொண்டு வந்த மலைக்கோட்டையைத் தூக்கவே ரெண்டு பேரு வேணும்! உள்ள லைட்டு எரியுது. படியெல்லாம் எண்ணிப் பாத்துக்கலாம், அவ்வளவு சுத்தம்.

நான் சும்மா விடுவேனா? "கவின், இது உங்க அப்பா செஞ்சது. மிஸ்க்குத் தெரியாதா? எடுத்துட்டுப் போயி, நீயா செஞ்சு எடுத்துட்டு வா."

சாயந்தரம் அவனைக் கூட்டிட்டுப் போற ஆட்டோக்காரர் வந்து தூக்கிக்கிட்டுப் போனார். அவன் பின்னாடியே தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனான். எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல!

யாழினி செஞ்ச மலைக்கோட்டையை கிளாஸ்ல வெச்சேன். முன்னாடி சீட்டு எழுதி ஒட்டினேன்: 'யாழினி, மூன்றாம் வகுப்பு. தானே செய்தது.'

நான் கொஞ்சம் கை வெச்சேன். கொஞ்சம்தான்.

இந்த 'கொஞ்சம்'ங்கிறதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

இப்ப வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அன்னைக்குப் பாடம், வீட்டு வேலையைக் குடும்பத்துல எப்படிப் பகிர்ந்துக்கணும்ங்கிறது. நல்ல பாடம். நடத்தி முடிச்சுட்டு, "உங்க வீட்டுல யாரு யாரு என்ன வேலை செய்யிறாங்க? எழுதுங்க"ன்னு சொன்னேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"உண்மையை மட்டும்தான் எழுதணும். பொய் எழுதினா மிஸ்க்குத் தெரிஞ்சிடும்."

முப்பத்தியோரு தலையும் குனிஞ்சது. இருவது நிமிஷம் கிளாஸ்ல ஒரு சத்தமில்ல. ஆஹா, என்ன ஈடுபாடுன்னு நெனச்சு பூரிச்சுப் போயிட்டேன்.

நோட்டெல்லாம் வந்துச்சு. நான் நோட்டு திருத்துற அழகை இங்க சொல்லியாகணும். தேதி போட்டிருக்கா? மார்ஜின் கோடு இருக்கா? தலைப்புக்கு அடிக்கோடு இருக்கா? மூணும் இருந்தா சிவப்பு மையில 'மிக நன்று', ஒரு ஸ்டார், கையெழுத்து. நடுவுல என்ன எழுதியிருக்குன்னு பாக்கிற வழக்கமெல்லாம் சர்வீஸ் ஆரம்பத்துல இருந்துச்சு.

பத்து நிமிஷத்துல முப்பத்தியோரு 'மிக நன்று'. அப்படியே வரிசையா போட்டோ. நோட்டையெல்லாம் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு, யாழினியை இழுத்துக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். எங்க வீடு எடமலைப்பட்டி புதூர்ல. ஊருக்கு இந்தக் கோடியில ஸ்கூல், அந்தக் கோடியில வீடு.

பஸ்ஸு காவிரிப் பாலத்துல நின்னுடுச்சு. மணி மூணு அம்பத்தஞ்சு. போன்ல சார்ஜு நாலு பர்சன்ட். நாலு மணிக்குள்ள போட்டாகணும். பரபரன்னு எல்லாப் போட்டோவையும் தேர்ந்தெடுத்தேன்.

ஜன்னலோரம் முறுக்கு தின்னுக்கிட்டிருந்த யாழினி எட்டிப் பாத்தா.

"அம்மா, எல்லாரு நோட்டையும் அனுப்புறியா?"

"ஆமா."

"என்னுதையுமா?"

"நீயும் ஸ்டூடண்ட்தானேடி."

"நீ படிச்சியா?"

"வீட்டுக்குப் போயி படிக்கிறேன்."

அவ என்னை ஒரு தடவை நல்லா பாத்தா. அப்புறம், "சரி, அனுப்பு"ன்னுட்டு முறுக்கைக் கடிச்சா.

நான் மெசேஜ் அடிச்சேன். 'இன்று கற்றது: வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்ளுதல். வீட்டுப்பாடம்: குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் குழந்தை எழுதியதைச் சத்தமாக வாசிக்கவும்.'

அனுப்பினேன். மூணு அம்பத்தொம்போது! ஸ்டோரேஜு ஃபுல்லுன்னு போன் கத்துச்சு. கேலரியில இருந்த போட்டோவையெல்லாம் சுத்தமா அழிச்சேன். போனும் அணைஞ்சுது. ஒரு நல்ல வேலையை முடிச்ச நிம்மதியில கண்ணை மூடிக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்து போனை சார்ஜுல போட்டுட்டு டீக்கு அடுப்பைப் பத்த வெச்சேன். போன் உயிர் வந்ததும் டொய்ங் டொய்ங்னு அடிச்சுது. நிக்கவே இல்ல. மேஜையில அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கே வந்துடுச்சு. ஓடிப் போயி புடிச்சேன்.

நூத்தி எம்பத்தேழு மெசேஜு!

மொதல் மெசேஜு ஒரு அம்மா போட்டது. "மிஸ், வீட்டுப்பாடம் முடிச்சுட்டோம். இப்ப எங்க வீட்டுல யாரும் யாரோடயும் பேசல."

மேல தள்ளிப் போயி போட்டோவைப் பெருசாக்கினேன்.

'அப்பா செய்யும் வேலை: அப்பாவின் செல்போனுக்கு சார்ஜ் போடுவார். அம்மா செய்யும் வேலை: மற்றது.'

அடியில என் சிவப்பு மை. மிக நன்று.

அடுத்தது. 'அத்தை வந்தால் அம்மா சிரிக்கும் வேலை செய்வார். அத்தை போனதும் நிறுத்திவிடுவார்.'

மிக நன்று. ஸ்டார்.

இந்த அத்தை அதே குரூப்ல இருக்காங்க. அவங்க பொண்ணும் என் கிளாஸ்தான்.

'சித்தப்பா வேலை தேடும் வேலை செய்கிறார். பகலில் படுத்துக்கொண்டு தேடுவார்.'

மிக நன்று!

ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலேர்ந்து வர்ற பொண்ணு ஒருத்தி. 'தாத்தா பெருமாளுக்குத் திருவாராதனம் செய்வார். அம்மா அடுப்பில் தளிகை செய்வாள். அப்பா ஆச்சா ஆச்சா என்று கேட்பார்.' இதுக்கு மட்டும் அவங்க அம்மா, "மிஸ், மாமனார் வாசிச்சுட்டு விழுந்து விழுந்து சிரிக்கறார். எங்காத்துக்காரர் மட்டும் மாடிக்குப் போயிட்டார்"னு போட்டிருந்தாங்க.

கவின் நோட்டு. 'அப்பா கடையில் பிளைவுட் விற்பார். வீட்டில் என் புராஜெக்ட் செய்வார். நான் தொடக் கூடாது.'

அதுக்கும் மிக நன்றுதான். நான் வேற என்னத்தைப் போட்டேன்!

கீழ குரூப்ல சண்டையே நடக்குது. "குழந்தைங்களை வெச்சு வீட்டு ரகசியத்தைக் கேக்குறதுதான் பாடமா?" "உங்க பையன் எழுதினதுல தப்பு என்னங்க இருக்கு? உண்மைதானே?" "நீங்க எங்க வீட்டுக்கு வந்து பாத்தீங்களா?" "மிஸ்ஸே மிக நன்றுன்னு போட்டிருக்காங்க!"

அழிச்சுடலாம்! எல்லாத்தையும் அழிச்சுடலாம்! முப்பத்தியோரு போட்டோவையும் அமுக்கிப் புடிச்சு, குப்பைத்தொட்டி படத்தைத் தொட்டேன். ரெண்டு வரி வந்துச்சு. 'எல்லோருக்கும் அழி', 'எனக்கு மட்டும் அழி'.

அடுப்புல டீ பொங்குச்சு. அதைப் பாத்துக்கிட்டே அமுக்கினேன்.

போட்டோ எல்லாம் போயிடுச்சு. அப்பாடா!

உடனே ஒரு மெசேஜு வந்துச்சு. "மிஸ், பதினாலாவது போட்டோவை எங்க மாமியார் ஜூம் பண்ணிக் காட்டச் சொல்றாங்க. யாரு வீடு அது?"

அதாவது, என் போன்ல மட்டும் போயிடுச்சு. ஊரெல்லாம் இருக்கு. எனக்குத்தான் இல்ல. இனிமே நான் நெனச்சாலும் அழிக்க முடியாது. நோட்டு பீரோவுல, பீரோ ஸ்கூல்ல, ஸ்கூல் ஆத்துக்கு அந்தப் பக்கம்.

அப்பதான் ஒரு விஷயம் உறைச்சுது. யாழினி நோட்டை நான் இன்னும் பாக்கவே இல்ல.

"யாழினி, நீ என்ன எழுதின?"

"உண்மையை எழுதினேன்."

"என்ன உண்மை?"

"மிஸ்தான் உண்மையை எழுதச் சொன்னாங்க."

"எந்த மிஸ்ஸுடி?"

"நீதான்."

இதுக்கு மேல ஒரு வார்த்தை அவகிட்டேர்ந்து வாங்க முடியல. அந்த நேரம் பாத்து இவரு, என் வீட்டுக்காரர், வேலை முடிஞ்சு உள்ள வந்தார். செருப்பைக் கழட்டும்போதே மீசைக்குள்ள ஒரு சிரிப்பு. அவரும் யாழினியோட பேரண்டுங்கிற முறையில குரூப்ல இருக்கார்.

"என்னங்க, உங்க போன்ல அந்தப் போட்டோ இருக்கா?"

"இருக்கு. நம்ம பொண்ணு கையெழுத்து நல்லா முன்னேறியிருக்கு."

புடுங்கிப் பாத்தேன்.

'எங்கள் வீட்டில் அம்மா மலைக்கோட்டை செய்தார். அப்பா படி ஒட்டினார். அம்மா பெயின்ட் அடித்தார். நான் பசை டப்பாவை மூடினேன். நாங்கள் மூன்று பேரும் வேலையைப் பகிர்ந்துகொண்டோம்.'

மிக நன்று. இதுக்கு மட்டும் ரெண்டு ஸ்டாரு போட்டிருக்கேன்!

நியாயமா பாத்தா, கிளாஸ்லயே பாடத்தை ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டது அவ ஒருத்திதான்.

"ஏங்க, கொஞ்சம்தானே கை வெச்சேன்?"

"நான் படி ஒட்டினேனே, அதை விட்டுட்டியே"ன்னார் இவரு.

அப்ப ஒரு மெசேஜு வந்துச்சு. கவின் அப்பா. மத்தவங்க எல்லாம் பக்கம் பக்கமா அடிச்சுக்கிட்டிருக்க, அவரு ஒரே வரிதான் போட்டிருந்தார். "நாளைக்கு மீட்டிங்ல பாக்கலாம் மிஸ்." கூட ஒரு கும்பிடு.

நாளைக்கு மீட்டிங்!

சனிக்கிழமை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். அதுல நான் பேசணும். தலைப்பு பெரிய மிஸ் கொடுத்தது. 'வீட்டுப்பாடத்தைக் குழந்தையே செய்யட்டும்.' நானே கலர் கலரா சார்ட்டுல எழுதி வெச்சிருந்தேன்.

மறுநாள் மொத பஸ்ஸைப் புடிச்சு, மூணு பேரும் சீக்கிரமே போயிட்டோம். என் திட்டம் ரொம்ப சிம்பிள். யாரும் வர்றதுக்குள்ள அந்த மலைக்கோட்டையை எடுத்து பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுடணும்.

கிளாஸுல அது இல்ல.

ஹாலுக்கு ஓடினேன். மேடைக்கு முன்னாடி மேஜை. மேஜையில வெள்ளைத் துணி. துணி மேல என் மலைக்கோட்டை. 'தானே செய்தது' சீட்டோட! பக்கத்துல பெரிய மிஸ் நின்னுக்கிட்டு பூ ஜாடியைச் சரி பண்ணிக்கிட்டிருந்தாங்க.

"மிஸ், இது எதுக்கு இங்க... உள்ள வெச்சுடட்டுமா?"

"தொடாதீங்க. படி உதிருது."

நான் போயி சார்ட்டை மாட்டினேன்.

எப்பவும் இந்த மீட்டிங்குக்கு அம்மாக்கள்தான் வருவாங்க. அப்பாக்கள் மூணு பேரு வந்தா பெருசு. அன்னைக்கு ஒரு அப்பா பாக்கியில்ல, அத்தனை பேரும் வந்துட்டாங்க. வந்தாங்கன்னு சொல்றதை விட, கூட்டிட்டு வரப்பட்டாங்கன்னு சொல்லலாம். சார்ஜ் போடுற அப்பா என்கிட்ட வந்து, நான் ஒண்ணுமே கேக்காம, "நான் தண்ணியும் புடிச்சு வெப்பேன் மிஸ்"னுட்டுப் போனார்.

பெரிய மிஸ் மைக்கைப் புடிச்சு, "அப்பாக்கள் எல்லாரும் வந்திருக்கீங்க. ரொம்ப சந்தோஷம். என்ன விசேஷம்?"னு கேட்டாங்க.

அத்தை ஒரு பக்கமும், சிரிக்கிற வேலை செய்யுற அம்மா இன்னொரு பக்கமும் பாத்துக்கிட்டிருந்தாங்க.

என்னைப் பேசக் கூப்பிட்டாங்க. போனேன். "எல்லாருக்கும் வணக்கம். வீட்டுப்பாடத்தைக் குழந்தையே..."

பின்வரிசையில கவின் அப்பா எழுந்தார். ரொம்ப மரியாதையா, கையைக் கட்டிக்கிட்டு.

"மிஸ், நடுவுல பேசுறேன்னு நெனைக்காதீங்க. ஒரே ஒரு டவுட்டுங்க."

"சொல்லுங்க சார்."

"எங்க வீட்டு மலைக்கோட்டை நான் செஞ்சதுன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. வாஸ்தவம், நான்தான் செஞ்சேன். அன்னைக்கு ராத்திரி புள்ள சாப்பிடலங்க. அது கெடக்கட்டும். இந்த மேஜையில இருக்கே, இதை யாரு செஞ்சது?"

அத்தனை தலையும் என் பக்கம் திரும்புச்சு. எல்லாருக்கும் பதில் தெரியும். எல்லாரும் வாசிச்சாச்சு, சத்தமா, குடும்பத்தோட.

வாயில அந்த 'கொஞ்சம்' வந்து நின்னுச்சு. "நான் கொஞ்சம் ஹெல்ப்பு..."ன்னு ஆரம்பிச்சா முடிஞ்சுது கதை.

ஆனா முன்வரிசையில யாழினி உக்காந்திருந்தா. அவ பக்கத்துல கவின். ரெண்டும் என்னையே பாக்குது. பொய் சொன்னா மிஸ்க்குத் தெரிஞ்சிடும்னு நான்தானே சொன்னேன்! மிஸ் பொய் சொன்னா யாருக்குத் தெரியும்? அவங்க ரெண்டு பேருக்கும் தெரியும். எனக்கு வெக்கமா போச்சுங்க. நெஜமாவே வெக்கமா போச்சு.

"நான்தாங்க செஞ்சேன்"னு சொன்னேன். "என் பொண்ணு பசை டப்பாவை மூடினா. கவின், அன்னைக்கு உன்னை மட்டும் எல்லார் முன்னாடியும் சொன்னது மிஸ் தப்புப்பா. மன்னிச்சுக்கோ."

கவின் என்ன செய்யறதுன்னு தெரியாம யாழினியைப் பாத்தான். அவ தலையை ஆட்டினா. அப்புறம் அவனும் ஆட்டினான்.

கவின் அப்பாவுக்கு முகமே மாறிடுச்சு. "ஐயோ, விடுங்க மிஸ். எனக்கு நோட்டைப் படிக்காமலே தெரியுங்க."

"எப்படிங்க?"

"படி ஒண்ணாவது நேரா இருக்கா பாருங்க! சின்னப் புள்ளைங்க இவ்வளவு கோணலா ஒட்டாதுங்க."

ஹாலே சிரிச்சுது! மாடிக்குப் போன ஸ்ரீரங்கத்து அப்பா கண்ணைத் துடைச்சுக்கிட்டார். அத்தை சிரிச்சாங்க, அந்த அம்மாவும் சிரிச்சாங்க, இந்தத் தடவை ரெண்டு பேரும் வேலையா சிரிக்கல. சிரிக்காதது ஒரே ஒருத்தர்தான். படி ஒட்டினவர். கடைசி வரிசையில உக்காந்து மேல மின்விசிறியைப் பாத்துக்கிட்டிருந்தார்.

நான் போய் அந்த 'தானே செய்தது' சீட்டைக் கிழிச்சேன். கிழிச்ச வேகத்துல ரெண்டு படி உதிர்ந்துச்சு.

கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போனதும் பெரிய மிஸ் கூப்பிட்டாங்க.

"யாழினி டைரியை எடுத்துட்டு வாங்க."

"மிஸ், நீங்க குரூப்பைப் பாப்பீங்களா?"

"நாலு மணிக்கு டான்னு பாத்துடுவேன். வெள்ளிக்கிழமை முப்பத்தியோரு பக்கமும் படிச்சேன். அதான் அந்த மலைக்கோட்டையை மேஜையில எடுத்து வெச்சேன்."

பேனாவைத் திறந்து டைரியில நிறுத்தி நிதானமா எழுதினாங்க. என்கிட்ட நீட்டினாங்க.

'மாணவியின் வீட்டுப்பாடத்தைப் பெற்றோரே செய்து தருகின்றனர். இனி இவ்வாறு நடவாதிருக்க, பெற்றோர் வகுப்பாசிரியரை நேரில் சந்தித்துக் கையொப்பமிடவும்.'

"ரெண்டு கட்டத்துலயும் கையெழுத்து இருக்கணும்"னு சொன்னாங்க. முகத்துல ஒரு சிரிப்பில்ல.

அன்னைக்கு சாயந்தரம் டைரியை விரிச்சேன். யாழினி பக்கத்துல உக்காந்து கவனமா பாத்துக்கிட்டிருந்தா. நீல மையில சாய்ச்சு ஒண்ணு போட்டேன். சிவப்பு மையில நேரா ஒண்ணு போட்டேன்.

பெற்றோர், வகுப்பாசிரியர் சந்திப்பு சுமுகமா முடிஞ்சுது. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல.